கம்பிமேட்டு வேலாயுதத்தின் நாடி

நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணில் புரை விழத் தொடங்கியதால் ஐம்பத்திரண்டு வயதிலேயே ஓய்வு எடுக்கும்படி ஆயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்க என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய டிரெசர் போன மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். பழைய நோயாளிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாராம். தலையில் அடிபட்டு வந்தவர்களின் பக்கங்களில், காய்ச்சல், கட்டு, மருந்து விவரங்களுக்குக் கீழே, ‘வீட்டார் சொன்னது’ என்று தலைப்புப் போட்டு நான் எழுதி வைத்திருக்கிறேன். சில இடங்களில் நாலு வரி, ஓரிடத்தில் நாலு பக்கம். எங்கள் முஸ்லிம் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து, “நானா, இது வைத்தியத்தில் சேர்ந்ததா, உங்களுடைய சொந்தப் பழக்கமா? புதுப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. விட்டுவிடலாமா?” என்று கேட்டிருந்தார்.

விட வேண்டாம் என்று பதில் போட்டேன். காரணத்தை அந்தத் தபாலட்டையில் அடக்க முடியவில்லை. நேரில் பேச எனக்கு எப்போதுமே வராது. எழுத்து கொஞ்சம் வரும். அதனால் இதை எழுதுகிறேன்.

என் படிப்பு இரத்தினபுரியில் ஏழாம் வகுப்போடு முடிந்தது. கடையில் நிற்க வைத்தால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன் என்று கண்ட வாப்பா, தெரிந்த ஒருவரைப் பிடித்து, பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். முதல் வருஷம் கட்டுத்துணி அவித்தேன். அடுத்த வருஷம் குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாத் தண்ணீர் கலக்கினேன். அதற்கடுத்த வருஷம் கொக்கிப்புழுவுக்கு எண்ணெய் குடித்தவர்கள் வாளியோடு உட்கார்ந்திருக்க, அவர்களுக்குக் காவல் இருந்தேன். இப்படியே போய் ஒருநாள் டிரெசர் ஆனேன். அட்டை கடித்துப் பழுத்த கால், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட கை, குளிர்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இவைதான் அன்றாட வேலை. நோயாளிகள் என்னோடு அதிகம் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்து தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான். எங்களிடம் செவ்வாயும் வெள்ளியும் வருவார். வந்ததும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு கட்டிலைப் பற்றியும் மூன்று கேள்வி கேட்பார். “காய்ச்சல் என்ன? சாப்பாடு என்ன? வீட்டுச் சனம் என்ன சொல்லுது?” பன்னிரண்டு கட்டில் என்றால் முப்பத்தாறு கேள்வி. கோபம் வந்தாலும் குரல் உயராது. பதில் சரியில்லை என்றால் அதே கேள்வியை அதே சொற்களில் இன்னொரு தடவை கேட்பார், அவ்வளவுதான். முதல் இரண்டு கேள்விக்கும் நான் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். மூன்றாவதை ஒரு மரியாதைக்குக் கேட்கிறார் என்றுதான் நானும் வார்டு வேலையாள் பொடியப்புவும் எண்ணியிருந்தோம்.

உலகத்தின் இரண்டாவது பெரிய சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். அப்போது எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு வண்டிப்பாதை கிடையாது. மேலே பறிக்கும் கொழுந்தை மூட்டை கட்டி, இரும்புக் கொக்கியில் மாட்டி, பள்ளத்தாக்கின் குறுக்கே இழுத்துக் கட்டிய ஒரு கம்பியில் விட்டுவிடுவார்கள். அது சீறிக்கொண்டு இறங்கிக் கீழே ஸ்டோர் பக்கம் போய் நிற்கும். மேல்முனையை எல்லாரும் கம்பிமேடு என்பார்கள். கீழ்முனைக்குச் சற்று முன்னால் கம்பி தாழ்ந்து, ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்கு மேலே தலை உயரத்தில் போகும். ஆகவே ஒரு ஒழுங்கு இருந்தது. மூட்டையை விடுமுன் மேலே இருப்பவன் இரும்புத் தடியால் கம்பியில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். கீழே இருப்பவன் பாதையைப் பார்த்து, ஆளில்லை என்றால் இரண்டு தட்டுத் திருப்பித் தட்டுவான். அந்த இரண்டு தட்டு வந்தால்தான் மூட்டை இறங்கும்.

கம்பிமேட்டில் இருந்தவன் வேலாயுதம். முப்பத்தைந்து வயது. பதில் தட்டு வராமல் ஒரு மூட்டைகூட விட்டதில்லை என்று பேர் வாங்கியவன். ஒருமுறை தோட்டத்தை நடத்தும் துரையே பக்கத்தில் நின்று, நேரமாகிறது, விடு என்று சொல்லியும் விடவில்லையாம். “தொரை கீழ நடந்து போறப்பவும் இப்படித்தாங்க காத்திருப்பேன்” என்றானாம். துரை சிரித்துவிட்டுப் போனாராம். கீழ்முனையில் இருந்தவன் சுப்பன். தொழிலாளர் குடியிருக்கும் அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவன். வேலாயுதத்தை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு ஆனி மாதத்தில் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்த கட்டை தெறித்து வேலாயுதத்தின் நெற்றியில் அடித்தது. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். இரண்டு புருவத்துக்கும் நடுவே, கொஞ்சம் மேலே, எலும்பு உள்வாங்கியிருந்தது. மூக்கால் இரத்தத்தோடு தண்ணீரும் வந்தது. பிழைக்கமாட்டான் என்றே நினைத்தோம். டாக்டர் ஐயா உடைந்த எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைப் பீங்கானில் வைத்தார். பன்னிரண்டு நாள் காய்ச்சல். பதின்மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, “பசிக்குதுங்க” என்றான்.

ஆறு வாரத்துக்குப் பிறகு அவனைச் சோதித்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், புதிய டிரெசருக்கு உதவும். மெழுகுதிரியைக் கண்ணருகே கொண்டுபோய்க் கருவிழி சுருங்குகிறதா என்று பார்த்தோம். நாக்கை நீட்டச் சொன்னோம். இரண்டு கையாலும் என் விரல்களை நெரிக்கச் சொன்னோம். சீமெந்துத் தரையின் கோட்டில் குதிகாலும் விரலுமாக ஒட்டி ஒட்டி நடக்கவிட்டோம். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னோம். எல்லாம் சரி. கண்ணைக் கட்டி, மூக்கருகே கோப்பித்தூள், கராம்பு, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினோம். ஒன்றும் மணக்கவில்லை என்றான். டாக்டர் ஐயா அதை ஒரு வரியாக எழுதிக்கொண்டார். மூக்குக்கு மணம் தெரியாவிட்டால் தேயிலை பறிக்கவோ மூட்டை விடவோ என்ன தடை?

கடைசியாக வேலையைப் பற்றிக் கேட்கும்படி என்னிடம் விட்டார். “மூட்டை விடுமுன் என்ன செய்வாய்?” என்றேன். மூன்று தட்டு, இரண்டு தட்டு, பாதை, ஆட்கள், எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னான். பதில் தட்டு வராவிட்டால்? “விடக்கூடாதுங்க. அது தப்புங்க.” நான் புத்தகத்தில், ‘சரி பிழை அறிவான்’ என்று எழுதினேன். அந்த மூன்று சொல் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

வார்டில் சில விஷயங்கள் நடந்தன. பக்கத்துக் கட்டில் கிழவர் மூச்சுவிட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது அவருடைய சோற்றை எடுத்துத் தின்றான். கிழவர் அன்றைக்கே இறந்தார். அவர் வாய் திறந்திருந்த விதத்தைப் பார்த்துச் சிரித்தான். “மஹத்தயா, இந்த மனுஷனுக்குச் சாவுன்னா பயமே இல்ல நே” என்று பொடியப்பு, ஐயா என்பதைத் தன் சிங்களத்தில் சொல்லி, மெச்சினான். செத்துப் பிழைத்தவன், சந்தோஷத்தில் அப்படித்தான் இருப்பான் என்று நானும் நினைத்தேன்.

அவனுடைய மனைவி அழகம்மா ஒவ்வொரு நாளும் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவாள். துண்டு கொடுப்பதற்கு முந்திய நாள், மருந்து ஜன்னலண்டை வந்து நின்றாள். வேலைக்குப் போகலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைத்தான் துண்டு என்போம்.

“அய்யா, நாளைக்குத் துண்டு குடுக்கப் போறீங்களா?”

“ஓம்.”

அவள் கொசுவத்தைத் திருகினாள். “தப்பா நெனைக்காதீங்க. இந்த ஆளு எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்காரு. பேரு தெரியுது, ஊரு தெரியுது, மக பேரு தெரியுது. ஆனா இவரு அவரு இல்லீங்க.”

புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ இருக்கும், நான் அதில் தலையிடக்கூடாது என்று பட்டது. காது சூடாகிவிட்டது. போத்தலைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் டாக்டர் ஐயா விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “காய்ச்சல் என்ன?” இல்லை என்றேன். “சாப்பாடு என்ன?” நன்றாகச் சாப்பிடுகிறான் என்றேன். “வீட்டுச் சனம் என்ன சொல்லுது?”

“ஒன்றும் சொல்லவில்லை ஐயா” என்றேன்.

அவர் துண்டில் கையெழுத்துப் போட்டார்.

வேலாயுதம் கம்பிமேட்டுக்குத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை, இரத்தினபுரிப் பக்கத்து மழை எப்படிக் கொட்டும் என்பது தெரிந்ததுதானே, அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தபோது, பாதையில் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த செல்லாயி என்ற பெண்ணை ஒரு மூட்டை வந்து அடித்துத் தூக்கிப் போட்டது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. உயிர் தப்பியது ஆண்டவன் காவல். அவளுக்குப் பலகை வைத்துக் கட்டியதும் நான்தான்.

வேலாயுதம் சொன்னது, “மூணு தட்டினேன். ரெண்டு வந்துச்சு. விட்டேன்.” சுப்பன் சொன்னது, “தட்டே வரலீங்க, சத்தியமா வரல.” செல்லாயிக்கு மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இருவரில் ஒருவன் பொய் சொல்கிறான். வேலாயுதத்தின் பேர் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. சுப்பன் வேலை நேரத்தில் பீடி பிடிக்க ஒதுங்குகிறவன் என்பதும் தெரிந்தது. துரை விசாரணையை ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணியிடம் விட்டார். பிழை செய்தவன் பேரை, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், புதன்கிழமை வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார். பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் விட வேண்டும். சுப்பனின் மனைவிக்கு அது எட்டாம் மாதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் கூட்டம். இருவரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொன்னது உண்மை என்று சொல்வது. பொய்யாக அடித்தவன் குடும்பம் விளங்காது என்று அங்கே எல்லாரும் நம்புவார்கள். நான் வெளி ஆள், அவர்கள் கோயிலில் எனக்கு என்ன வேலை? செல்லாயிக்கு மருந்து வாங்க வந்த அவள் தம்பி போய்ச் சொன்னானாம், டிரெசரய்யா கையைப் பிடித்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவார் என்று. பெரிய கங்காணி என்னை அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

“பொய் சொல்றவனுக்கு நாடி ஓடும்ங்கிறாங்க. சாமியும் பாக்கட்டும், ஆஸ்பத்திரியும் பாக்கட்டும். நீங்க எண்ணிச் சொல்லுங்க.”

மறுத்திருக்கலாம். நூறு பேர் முன்னால் மறுத்துப் பேசுவதைவிட எண்ணுவது எனக்கு எளிதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன்.

முதலில் சுப்பன். அவன் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்று முப்பதுக்கு மேல். வலது கை நடுங்கியது. கற்பூரத்தை அடிக்கப் போய்த் தட்டை அடித்தான், தட்டு உருண்டது. பின்னாலிருந்து ஒரு கிழவி, “அம்மாவே தட்டி விட்டா பாரு” என்றாள். சுப்பன் அழுதுவிட்டான்.

பிறகு வேலாயுதம். எழுபத்திரண்டு. வலது கையால் கற்பூரத்தைப் பூச்சியை அடிப்பதுபோல் ஒரே அடியாக அடித்தான். “மக தலையிலயும் கை வச்சுச் சொல்லு” என்றார் கங்காணி. அவனுடைய ஆறு வயதுப் பெண் முன்னால் நிறுத்தப்பட்டாள். அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது. அவள் தலையில் கை வைத்து, “மூணு தட்டினேன், இது சத்தியம்” என்றான். என் விரலுக்கடியில் நாடி மாறவில்லை. எழுபத்திரண்டு.

“எவ்வளவுங்க?”

இரண்டு எண்ணிக்கையையும் சொன்னேன். சுப்பனின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கங்காணி துரை பங்களாவை நோக்கி நடந்தார்.

நானும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். போகும் வழியில் என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். கோயிலை விட்டு வந்து கால்மணி நேரம் ஆகியும் தொண்ணூற்றாறு. நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. வெறுமனே நின்று எண்ணினேன். எனக்கே இப்படி என்றால், சொந்த மகள் தலையில் கை வைத்து, ஊர் முன்னால், அவர்களுடைய சாமி முன்னால் நின்ற ஒரு தகப்பனுக்கு? அவன் உண்மையே சொல்லியிருந்தாலும் எழுபத்திரண்டில் நிற்குமா? அந்தப் பிள்ளை ஆடிய ஆட்டம் அவன் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்குமே. அழகம்மா ஜன்னலில் நின்று சொன்ன சொல் அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஐயா வந்தார். கழுவினார். துடைக்கத் தொடங்குமுன்னே நான் முந்திக்கொண்டேன். அப்படி நான் முந்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

“ஐயா, வேலாயுதத்துக்குத் துண்டு கொடுத்த அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள். வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் சொன்னாள்.”

“என்ன சொன்னவள்?”

சொன்னேன். கோயிலில் எண்ணியதையும் சொன்னேன். அவர் துவாயைக் கொடியில் போட்டார்.

“அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“வெட்கமாக இருந்தது ஐயா.”

“அவளுக்கோ, உமக்கோ?”

“எனக்கு.”

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வேலாயுதத்தைக் கூப்பிடும்” என்றார். “பொடியப்புவை ரெண்டு வாழைப்பழமும் கொண்டு வரச் சொல்லும்.”

வேலாயுதம் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து பழத்தை உரித்தான். டாக்டர் ஐயா அவனுக்குப் பக்கத்தில், வழியில் சந்தித்த ஆள்போல, உட்கார்ந்துகொண்டார்.

“தட்டாமல் மூட்டையை விட்டால் என்ன நடக்கும்?”

“கீழ ஆள் இருந்தா அடிபடுமுங்க.”

“அடிபட்டால்?”

“செத்துருவாங்க.”

“செத்தால்?”

“செத்தா பொதைக்கணுங்க.” பழத்தைக் கடித்தான்.

“அண்டைக்குத் தட்டினியோ?”

“தட்டினேங்க.”

டாக்டர் ஐயா மழையைப் பற்றிப் பேசினார். கம்பிமேட்டில் ஒதுங்கக் கூரை இருக்கிறதா என்று விசாரித்தார். “அந்த மழைக்குள்ள வெளியில வந்து நிண்டு தட்டுறது கரைச்சல்தானே?”

“அதாங்க. தட்டல.”

“கோயிலில தட்டினன் எண்டு சொன்னியாம்?”

“அது கோயில்ல கேட்டதுங்க. சொன்னா வீட்டுக்குப் போலாம்ல.” அடுத்த பழத்தைப் பார்த்தான். “இது டிரெசரய்யாவுக்கா?”

டாக்டர் ஐயா அவனை அனுப்பினார். பிறகு தன் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்தார்.

“கோப்பித்தூள் மணக்கேல்லை எண்டவன், ஞாபகமோ? மணக்கிற நரம்பு இந்த எலும்புக்கு மேலாலதான் போகுது. அதுக்கு மேல கிடக்கிறது மூளையின்ர முன்பக்கம். அது நசுங்கினால் கை காலுக்கு ஒண்டும் வராது. பேச்சும் போகாது. எது சரி, எது பிழை எண்டு கேட்டால் உம்மையும் என்னையும் போலச் சொல்லுவான். ஆனால் அந்த அறிவு ஆளைத் தொடாது. அப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு நினைக்கிறன். சண்டையில நெத்தியில காயம்பட்ட ஆக்களைப் பார்த்த சிநேகிதன் ஒருத்தன் இப்படித்தான் எனக்கு எழுதினவன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில நிக்கேக்க எனக்கு அது ஞாபகம் வரேல்லை. ஆகவே நீர் மட்டும் பிழை விடேல்லை.”

“அப்படியென்றால் அவன் தட்டவில்லை என்று எழுதலாமா ஐயா?”

“எழுத ஏலாது. அவன் ஓம் எண்டதும் இல்லை எண்டதும் ஒரே நிறை. அவன்ர சத்தியத்தை வைச்சு இன்னொருத்தன்ர பேரை வெட்டக் கூடாது எண்டு மட்டும் எழுதலாம். அவனை வேலைக்கு விட்டது என்ர பிழை எண்டும் எழுதலாம்.” அப்படியே ஆங்கிலத்தில் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு மறுநாள் வேறு தோட்டம். “நீர் கொண்டுபோய்க் குடும். துரை இதை வாசிச்சு விளங்குவார். சனத்துக்கு நீர்தான் சொல்லவேணும். நாடியை எண்ணிச் சொன்னது நீர்.”

புதன்கிழமை விடியற்காலை, பெரட்டுக்களத்தில் முன்னூறு பேர் நின்றார்கள். துரை கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பெரிய கங்காணியைக் கூப்பிட்டு, கோயில் காரியத்தில் நான் கை வைக்கமாட்டேன், ஆட்கள் ஒத்துக்கொண்டால் சுப்பன் இருக்கட்டும் என்றார். கங்காணி என் பக்கம் திரும்பினார்.

“ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன எண்ணிக்கை…” என்று தொடங்கினேன்.

“டிரெசரய்யா, கேக்கல” என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “எண்ணெய் குடிக்க வைக்கிறப்ப மட்டும் நல்லா கத்துறீங்க.” சிரிப்பு எழுந்தது.

“எண்ணிக்கை சரி. அதுக்கு நீங்க எடுத்த கருத்துத்தான் பிழை. நானும் அன்றைக்குப் பேசாமல் இருந்தது பிழை.”

கங்காணிக்கு முகம் கறுத்தது. “சாமி முன்னால கற்பூரம் அடிச்சவனப் பொய்யன்னு சொல்றீங்களா? பொய் சொல்றவனுக்குத்தானே நாடி ஓடும்? நீங்கதானே சொன்னீங்க, சுப்பனுக்கு ஓடுச்சின்னு?”

டாக்டர் ஐயா சொன்ன எலும்பும் நரம்பும் எதுவும் நாக்குக்கு வரவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

“பிடிங்க கங்காணி.”

“என்னங்க இது?”

“பிடிச்சுப் பாருங்க.”

அவர் விருப்பமில்லாமல் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

“ஓடுதா?”

“ஓடுதா? குதிக்குதுங்க.”

“நான் இப்ப பொய் சொல்றேனா?”

அவர் என் கையை விடவில்லை. அப்போது கொழுந்துக் கூடைகள் நின்ற பக்கத்திலிருந்து அழகம்மா முன்னால் வந்தாள். மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்றேங்க. எங்க வீட்டுக்காரரு அடிபடறதுக்கு முன்னால இந்தப் புள்ளைக்கி மாந்தம் வந்தப்ப, கோயில்ல நேந்துக்கிட்டு அவ தலையில கை வச்சாரு. நேந்துக்கிறதுல என்னங்க பொய்யி? அதுக்கே அவரு கையி ஆடிச்சி. நான் பக்கத்துல நின்னேன். ஞாயித்துக்கெழம மெய்யச் சொல்லியிருந்தாலும் அந்தக் கையி ஆடியிருக்கணும். ஆடலியே.” கங்காணியை நேராகப் பார்த்தாள். “நீங்க எல்லாரும் பாத்தீங்க. ஆடலன்னு சந்தோசப்பட்டீங்க. நான் அன்னக்கிதான் அவர முழுசா எழந்துட்டேன்னு வீட்டுக்குப் போயி அழுதேன்.”

வேலாயுதம் வரிசையில் நின்றபடி ஒரு தேயிலைப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்துகொண்டுதான் நின்றான். தலை நிமிரவில்லை.

கங்காணி என் கையை மெல்ல விட்டார். “சுப்பா, கீழ்முனைக்குப் போ” என்றார். வேலாயுதத்தின் பக்கம் திரும்பி, கம்பிமேட்டுத் தடியை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். பிறகு அவனுக்குத் தனியாகப் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டில் வெட்டுவான். வெட்டச் சொன்னால் வெட்டுவான், நிறுத்தச் சொல்லாவிட்டால் பூச்செடியையும் வெட்டுவான். சுப்பனுக்கு அடுத்த மாதம் ஆண் குழந்தை பிறந்தது. செல்லாயி ஒரு கால் சற்றுக் குட்டையாக, இன்றும் நடக்கிறாள்.

பெரட்டு கலைந்த பிறகு கங்காணி என்னோடு ஆஸ்பத்திரி வரை நடந்து வந்தார். வாசலில் நின்று கேட்டார்.

“அப்ப செல்லாயி கால் ஒடஞ்ச பாவம் யாருக்குங்க? அவனுக்கு இல்லேன்னா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். டாக்டர் ஐயாவிடமும் பின்னொரு நாள் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே அந்தக் கேள்வியை எனக்கே திருப்பிக் கேட்டார், அதே சொற்களில்.

பெரட்டு நடந்த அன்று மத்தியானம் அழகம்மா மருந்து ஜன்னலுக்கு வந்தாள். முன்பு நின்ற அதே இடம். புருஷனுக்குத் தலைவலித் தூள் வேண்டும் என்றாள். தூளைக் கட்டிக் கொடுத்தேன். போத்தலைத் துடைக்கவில்லை. நோயாளிப் புத்தகத்தை எடுத்து, வேலாயுதத்தின் பக்கத்தைத் திறந்து, ‘சரி பிழை அறிவான்’ என்ற வரிக்குக் கீழே ஒரு கோடு கிழித்தேன். அதன் கீழே ‘வீட்டார் சொன்னது’ என்று எழுதினேன்.

“அன்றைக்குச் சொன்னீங்களே, இவர் அவர் இல்லை என்று. எதனால் சொன்னீங்க? மெதுவாகச் சொல்லுங்க, நான் எழுதிக்கொள்கிறேன்.”

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கூடையை இறக்கி வைத்தாள். அவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளில் மகளைப் பார்த்த பார்வையிலிருந்து தொடங்கினாள். முன்பெல்லாம் மழையில் நனைந்து வந்தால் அவளுக்குத்தான் முதலில் கம்பளியை நீட்டுவானாம். இப்போது அவள் போர்த்தியிருப்பதை உருவிப் போர்த்திக்கொள்கிறானாம். கேட்டால், “எனக்குக் குளுருது” என்கிறானாம், கோபமே இல்லாமல். மகள் விழுந்தால் பார்க்கிறானாம், தூக்குவதில்லையாம். தூக்கு என்றால் தூக்குகிறானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ரசத்தில் பெருங்காயம் போட மறந்த அன்று ஒன்றும் சொல்லவில்லையாம். அன்றைக்கே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். அவள் சொல்லச் சொல்ல, அவள் சொல்லிலேயே எழுதினேன். நாலு பக்கம் வந்தது. புதிய டிரெசர் பார்த்த நாலு பக்கம் அதுதான்.

முடிந்ததும் அவள் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு, எழுத்து தெரியாதவள், அந்தப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

“அய்யா, இத மொதல்லயே எழுதியிருந்தா செல்லாயி காலு ஒடஞ்சிருக்காதுல்ல?” என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்.

பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, அதையும் எழுதிக்கொண்டேன்.